ஃபெரட் வைத்து முயல் பிடிக்கப் போகிறீர்களா: எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

"ஆண் வாங்கட்டுமா, பெண் வாங்கட்டுமா?" என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஆகஸ்டில் குடும்பத்தோடு நாலு வாரம் ஊருக்குப் போனால் அதற்கு யார் இரை வைப்பார்கள்? இங்கிலாந்தில் ஃபெரட்டை வைத்து முயல் பிடிக்கிற காலம் அக்டோபரில் தொடங்கி மார்ச்சோடு முடிந்துவிடும், அதுவும் சனி ஞாயிறு கையில் கிடைத்தால்தான். ஃபெரட்டோ வருடம் முழுக்க உங்கள் வீட்டுப் பின்புறத்தில் இருக்கும், தினமும் இறைச்சி கேட்கும், தினமும் கூட்டைச் சுத்தம் செய்யச் சொல்லும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டு வருடம்கூட இருக்கும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் கீழே ஒவ்வொன்றையும் எடைபோட்டிருக்கிறேன். நான் இருப்பது சஃபோக்கில், பிரெக்லாந்து என்கிற மணற்பாங்கான பகுதியின் ஓரத்தில். ஆறு குளிர்காலமாக இந்த வேலையில் இருக்கிறேன். பக்கத்துப் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர்தான் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

ஃபெரட்டைப் பார்த்திராதவர்களுக்கு: நீள உடம்பு, குட்டைக் கால், முதல் பார்வைக்கு நம் கீரி மாதிரி இருக்கும், ஆனால் கீரி இனம் இல்லை. ஐரோப்பியக் காடுகளில் திரியும் போல்கேட் என்ற விலங்கைப் பழக்கி வந்தது இது. பழக்கம் புதியதும் அல்ல, ஏறக்குறைய 2000 வருடத்துக்கு முன்பே ஸ்ட்ராபோ என்ற கிரேக்க அறிஞர், ஸ்பெயினில் முயல் தொல்லை தாங்காமல் இப்படி ஒரு விலங்குக்கு வாய்க்கட்டுப் போட்டு வளைக்குள் விட்டார்கள், வெளியே ஓடிவந்த முயலை வாசலில் நின்றவர்கள் பிடித்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். இன்று நாங்கள் செய்வதும் ஏறக்குறைய அதேதான், வாய்க்கட்டு மட்டும் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தமிழில் முயல் என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், இங்கே அது இரண்டு விலங்கு. நம் ஊர்க் காட்டு முயல் வளை தோண்டாது, புல் மறைவில் சின்னப் பள்ளத்தில் படுத்திருக்கும். அந்த வகையை இங்கே ஹேர் என்பார்கள். மண்ணுக்குள் சுரங்கம் மாதிரி வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது ரேபிட், ஃபெரட் வேலை செய்வது அதனிடம் மட்டும்தான். அதனால் ஊரில் இதை முயற்சி செய்யலாமா என்ற கேள்விக்கே இடமில்லை, அங்கே காட்டு முயலுக்கு 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நியூசிலாந்தில் இருக்கிறவர்களுக்கும் இது ஆகாது, முயலை ஒழிக்கக் கொண்டுபோன ஃபெரட் அங்கே நாட்டுப் பறவைகளைத் தின்று தீர்த்ததால் 2002 முதல் வளர்க்கவே தடை. நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு.

முதல் தேர்வு: இடம் பிடிப்பதா, ஃபெரட் வாங்குவதா

இடம்தான். ஃபெரட்டைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடி அலைகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் வேலிக்குள் கால் வைத்தால் அது திருட்டு வேட்டை, வேறு பேச்சே கிடையாது. 1880ஆம் வருடச் சட்டம் ஒன்று, நிலத்தைப் பயிர் செய்கிறவருக்குத் தன் நிலத்தில் முயலைப் பிடிக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. 1954ஆம் வருடத்துச் சட்டம் ஒரு படி மேலே போய், முயலைக் கட்டுக்குள் வைக்க வேண்டியது அவருடைய கடமை என்றே சொல்கிறது. அதனால் குளிர்காலக் கோதுமையின் ஓரத்தை முயல் மொட்டையடித்து வைத்திருக்கிற விவசாயியிடம் போய் மரியாதையாகக் கேட்டால் பாதிப் பேர் சரி என்பார்கள். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், நாலு வரி போதும். பிரிட்டிஷ் அசோசியேஷன் ஃபார் ஷூட்டிங் அண்ட் கன்சர்வேஷன் போன்ற அமைப்பில் உறுப்பினரானால் மூன்றாம் நபர் காப்பீடும் சேர்ந்து வரும், அதைக் காட்டினால் விவசாயிக்கும் நம்பிக்கை வரும்.

ஆனால் எல்லா ஊரிலும் முயல் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 1953இல் மிக்ஸமடோசிஸ் நோய் வந்து இந்த நாட்டு முயலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைக் கொண்டுபோனது, அதிலிருந்து தேறி வந்த கூட்டத்தை 1990களில் இரத்தக்கசிவு நோய் தாக்கியது, அதற்குப் பிறகு அந்த நோயின் இரண்டாவது வகையும் வந்தது. பல இடங்களில் பழைய வளைகள் மட்டும்தான் மிச்சம், வாசலில் சிலந்தி வலை கட்டியிருக்கும். இங்கே பிரெக்லாந்தில் சில புல்வெளிகளில் முயல் மேய்ந்தால்தான் அரிய செடிகள் பிழைக்கும் என்பதால் முயலைப் பெருக்கவே பாடுபடுகிறார்கள். அந்த மாதிரி இடத்தில் வேட்டைக்கு அனுமதி கேட்பதே தப்பு. பயிர் அழிகிற இடத்தில் கேளுங்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால், முதல் குளிர்காலம் ஃபெரட் வாங்கவே வேண்டாம். ஏற்கெனவே செய்கிறவரோடு போங்கள். மூட்டை தூக்குங்கள், வலை விரியுங்கள், குழி தோண்டுங்கள், தோண்டிய குழியை மூடுங்கள். முக்கியமாக, வலையில் விழுந்த முயலை ஒரே இழுப்பில் கழுத்தைப் பிரித்துக் கொல்வதை அவர் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். எழுத்தில் படித்துக் கற்கிற விஷயம் இல்லை இது. வலையில் சிக்கிய நொடியிலிருந்து அந்த முயல் 2006ஆம் வருட விலங்கு நலச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்துவிடுகிறது, அதைத் துடிக்க விடுவது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் துடிக்க விடக் கூடாது என்பதுதான் என் கட்சி. இரண்டு மூன்று முறை போனபிறகு "இது என்னால் ஆகாது" என்று தோன்றினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, உங்கள் கொல்லையில் அப்போது எந்த உயிரும் உங்களை நம்பி இருக்காது.

ஜில்லா, ஹாபா

பெண் ஃபெரட்டை ஜில் என்பார்கள், ஆணை ஹாப், குட்டியை கிட். ஜில் சராசரியாக முக்கால் கிலோ இருக்கும், ஹாப் பெரும்பாலும் ஒன்றரை கிலோவை ஒட்டி இருக்கும், சிலது இரண்டு கிலோவைத் தொடும். இந்த எடை வித்தியாசம்தான் பாதி முடிவைச் சொல்லிவிடுகிறது. வாசலில் வலை விரித்திருக்கும்போது ஜில் கண்ணி வழியாக நுழைந்து வெளியே வந்து மறுபடி உள்ளே போய்விடும், வலை அசையக்கூட அசையாது. ஹாப் வந்தால் தோளில் வலையையே மாட்டிக்கொண்டு வரும், ஒவ்வொரு தடவையும் நீங்கள் குனிந்து எடுத்து மறுபடி விரிக்க வேண்டும், அந்தச் சத்தத்தில் உள்ளே இருக்கிற முயல் உஷாராகிவிடும். உடல் பலத்தால் ஹாப் முயலை உள்ளேயே மடக்கிக் கொன்றுவிடுவதும் அதிகம், கொன்றால் அங்கேயே சாப்பிட்டுப் படுத்துக்கொள்ளும். முயலை வெளியே விரட்டுவதற்குத்தான் ஃபெரட் நமக்கு வேண்டும், கொல்வதற்கு இல்லை.

அப்படியானால் எல்லாரும் ஜில்லே வாங்கிவிடலாமே என்றால், அங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது, விற்கிறவர்களில் பலர் இதைச் சொல்வதில்லை. மார்ச் ஏப்ரலில் பகல் நீள ஆரம்பித்ததும் ஜில் பருவத்துக்கு வரும். ஆணோடு சேர்ந்தால்தான் அதற்கு முட்டை வெளிப்படும். சேராவிட்டால் பருவம் தானாகத் தணியாது, வாரக்கணக்கில் நீண்டு, உடம்பில் ஈஸ்ட்ரோஜன் ஏறி, எலும்பு மஜ்ஜை கெட்டு, இரத்தசோகையில் செத்தே போகலாம். அதனால் வசந்தத்தில் நீங்கள் ஏதாவது ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் ஊசி போடலாம், ஜில் ஜாப் என்று கேட்டால் தெரியும், பெரும்பாலும் ஒரு பருவத்துக்கு ஒன்று போதும். குட்டி பிறக்காதபடி நாளம் வெட்டிய ஹாப் ஒன்றோடு சேர்த்துவிடலாம், பருவம் தணிந்துவிடும், ஆனால் அதே கோடையில் மறுபடி பருவத்துக்கு வரும். ஹார்மோன் இம்ப்ளான்ட் வைக்கலாம், அது செலவு அதிகம், ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் கவலை இல்லை. அறுவை செய்து சினைப்பையையும் கருப்பையையும் எடுத்துவிடுவதும் உண்டு, ஆனால் அப்படிச் செய்த ஃபெரட்டுகளுக்குப் பிற்காலத்தில் அட்ரினல் சுரப்பி நோய் வருவது அதிகம் என்பதால் மருத்துவர்கள் இப்போது யோசித்துத்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் குட்டி போட விட்டால் என்ன என்று கேட்பீர்கள்: 42 நாளில் எட்டுக் குட்டி போடும், எட்டுக்கும் நல்ல வீடு தேடித் தர உங்களால் முடியுமா? ஃபெரட் மீட்பு இல்லங்கள் ஏற்கெனவே நிரம்பித்தான் இருக்கின்றன.

ஹாபுக்கு இந்த உயிர் பயம் கிடையாது, ஆனால் வசந்தத்தில் வாடை தாங்காது, பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கிற அளவுக்கு வரும், பருவகாலத்தில் இன்னொரு ஹாபோடு ஒரே கூட்டில் போட்டால் சண்டையும் போடும். காயடித்தால் இரண்டும் அடங்கும், அட்ரினல் நோய்க் கவலை இங்கேயும் உண்டு.

இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தபிறகும் புதிதாக வருகிறவருக்கு நான் சொல்வது இரண்டு ஜில். ஒன்று போதாது. ஒற்றையாக வைத்தால் துணையில்லாமல் வாடும், தவிர ஒன்று களைத்தால் மற்றதை இறக்கலாம், ஒன்றுக்குக் காயம் பட்டால் அந்த நாள் வீணாகாது. நாலு ஐந்து வாங்காதீர்கள், புது ஆளுக்கு அத்தனையையும் கையில் எடுத்துப் பழக்க நேரம் கிடைக்காது. வருடத்துக்கு இரண்டு ஊசிச் செலவை இப்போதே வீட்டுக் கணக்கில் எழுதிவிடுங்கள். ஃபெரட்டின் விலை சில பத்து பவுண்டுக்குள் அடங்கிவிடும், மருத்துவச் செலவு அதைத் தாண்டும். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் ஃபெரட்டுக்கு வந்தால் அநேகமாகப் பிழைக்காது, தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். உங்களுக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்தாலும் அதற்கு ஒட்டும், அந்த வாரம் வேறு யாராவது இரை வைக்கட்டும்.

நிறத்தைப் பற்றியும் கேட்பார்கள். வெள்ளையா, போல்கேட் நிறமா என்பதில் வேலைத்திறனுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் காய்ந்த பெரணிச் செடிக்குள் பழுப்பு நிற ஃபெரட் நழுவினால் கண்டுபிடிக்க முடியாது, வெள்ளை பளிச்சென்று தெரியும். நான் வெள்ளைதான் வைத்திருக்கிறேன்.

குட்டியா, பழகியதா என்றால் குட்டி. நன்றாக வேலை செய்கிற ஃபெரட்டை யாரும் விற்க மாட்டார்கள், விற்றால் ஏன் என்று கேளுங்கள். மே, ஜூனில் பிறந்த குட்டியை எட்டு வாரத்தில் வாங்கிக் கோடை முழுக்கக் கையில் வைத்துப் பழக்கினால் அந்த அக்டோபரிலேயே சின்ன வளையில் இறக்கலாம். ஆரம்பத்தில் விரலைக் கடிக்கும், ஊசி மாதிரிப் பல். கடித்ததும் கையை வெடுக்கென்று இழுத்தீர்களானால் அது ஓடுகிற இரை என்று எடுத்துக்கொண்டு அடுத்த தடவை இன்னும் பலமாகக் கடிக்கும். விரலை மடக்கி முட்டியைக் காட்டி, பதறாமல், தோளைச் சுற்றிக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வருகிற மாதிரித் தூக்கப் பழகுங்கள். ரொட்டியும் பாலும் ஊற்றி வளர்க்கிற பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள், அது முழு இறைச்சியுண்ணி; முயல், ஒருநாள் கோழிக்குஞ்சு, தரமான ஃபெரட் தீவனம், எப்போதும் தண்ணீர். பட்டினி போட்டால் நன்றாக வேலை செய்யும் என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அது பொய். பசித்த ஃபெரட்தான் முதல் முயலைக் கொன்று தின்றுவிட்டு உள்ளேயே தூங்கும்.

சுருக்குவலை, நீள வலை, துப்பாக்கி, நாய்

பர்ஸ் நெட் என்று இங்கே சொல்வதை நான் சுருக்குவலை என்றே சொல்கிறேன், ஏனென்றால் நம் பாட்டிகள் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையின் அதே வேலைதான். மூன்றரை, நாலு அடி நீளமான வலை, இரண்டு முனையிலும் ஒவ்வொரு வளையம், ஓரத்தைச் சுற்றி ஒரு கயிறு, கயிற்றின் முனையில் ஒரு மரமுளை. கீழ் வளையத்தைப் பொந்தின் அடிவாயில் வைத்து, வலையை மேலே விரித்து, முளையைப் பொந்துக்கு மேலே இருக்கிற மண்ணில் இறுக அழுத்திவிட வேண்டும். முயல் உள்ளேயிருந்து பாய்ந்து வரும் வேகத்தில் வலையோடு முன்னே போகும், முளை பிடித்து நிறுத்தும், கயிறு இழுபட்டு வாய் சுருங்கிவிடும். நைலான் வலை விலை குறைவு, நனைந்தாலும் மக்காது. சணல் வலை பொந்தின் மேல் படிந்து கிடக்கும், காற்றில் அலையாது, ஆனால் விலை கூட, ஒவ்வொரு தடவையும் காயவைக்க வேண்டும். முதல் வருடத்துக்கு நைலானில் 20 வலை போதும். உங்களுக்கு இது கற்றுத்தரும் விஷயம் வேறு எதிலும் கிடைக்காது: ஒவ்வொரு பொந்தாகத் தேடி மண்டியிட வேண்டியிருப்பதால் வளையின் அமைப்பு தானாக மனதில் பதிந்துவிடும். முட்புதருக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கள்ளப் பொந்து இருக்கும், அதை விட்டுவிட்டீர்களானால் உள்ளே இருக்கும் முயல் அத்தனையும் அந்த வழியாகத்தான் போகும். வயலில் எலி வளையை வெட்டுகிற இருளர்களைப் பார்த்திருந்தால் தெரியும், அவர்களும் முதலில் மற்ற வாய்களைத் தேடி அடைத்துவிட்டுத்தான் கடப்பாரையை எடுப்பார்கள்.

நீள வலை 25, 50, 100 கெஜத்தில் வரும், வளையைச் சுற்றி வேலி மாதிரி நட்டுவிடலாம். பெரிய முட்புதர் வளை, கை நுழையாத இடம் என்றால் அதுதான் வழி. ஆனால் சிக்கெடுக்காமல் விரிக்கிற கை வருவதற்கே ஒரு குளிர்காலம் ஆகும், இரண்டு முயல் ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் மோதினால் ஓட ஆளும் வேண்டும். இரண்டாவது வருடம் ஒரு 25 கெஜ வலை வாங்குங்கள்.

துப்பாக்கி என்றால் வெளியே ஓடுகிற முயலை ஷாட்கன்னால் சுடுவது. வலை விரிக்கிற வேலை மிச்சம், திறந்த மேட்டில் ஒரு காலைக்குள் பல வளைகளைப் பார்த்துவிடலாம், நல்ல சுடுகாரர்கள் இருந்தால் விவசாயிக்கு இது திருப்தி. ஆனால் காவல்துறை தரும் சான்றிதழ் வேண்டும், 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், வீட்டில் பூட்டும் அலமாரி வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், முயலுக்குப் பின்னாலேயே ஃபெரட் தலையை நீட்டும். வாசலை ஒட்டிச் சுடுகிற பதற்றக்காரர் ஒருவர் இருந்தாலே போதும், நாள் துக்கத்தில் முடியும். சத்தம் கேட்டபின் உள்ளே இருப்பவை வெளியே வரவும் தயங்கும், கிடைத்த முயலின் இறைச்சியிலும் ஈயக் குண்டு கிடக்கும். புது ஆள், புது ஃபெரட், துப்பாக்கி மூன்றும் ஒரே நாளில் சேர வேண்டாம்.

நாய் இருந்தால் வேலை பாதியாகும், இதை மறுக்க மாட்டேன். பெரியவரிடம் விப்பெட் கலந்த ஒரு நாய் இருந்தது. பொந்து பொந்தாக மோந்துகொண்டே போகும், உள்ளே ஆள் இல்லையென்றால் நிற்காது. இருந்தால் தலையைச் சாய்த்து, ஒரு முன்காலைத் தூக்கி, வாலை லேசாக ஆட்டிக்கொண்டு நிற்கும், அது நின்ற வளையில் ஒருநாளும் நாங்கள் வெறுங்கையோடு வந்ததில்லை. 2004ஆம் வருட வேட்டைச் சட்டம் நாய் வைத்து வேட்டையாடுவதைத் தடுத்தாலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலத்துக்காரர் அனுமதியோடு முயலுக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் நாய்க்குட்டியை வாங்கி, ஃபெரட்டைத் தொடாமலும் வலையை மிதிக்காமலும் பழக்கி எடுக்க இரண்டு வருடம் போய்விடும். நாய் வேண்டும் என்பதற்காக நாய் வாங்குங்கள், இதற்காக மட்டும் வாங்காதீர்கள். ஹாரிஸ் ஹாக் பறவையை வைத்துச் செய்கிறவர்களும் உண்டு. பார்க்க அற்புதமாக இருக்கும், ஆனால் பறவை வளர்ப்பு தனியாக ஒரு ஆயுள் வேலை.

லொகேட்டர்: இதில் மட்டும் தேர்வே கிடையாது

பழைய காலத்தில் ஃபெரட் உள்ளே தங்கிவிட்டால் பெரிய ஹாப் ஒன்றின் கழுத்தில் கயிற்றைக் கட்டி உள்ளே அனுப்புவார்கள், அது போய் முதல் ஃபெரட்டைத் துரத்திவிட்டு முயலோடு நிற்கும், கயிற்றைத் தொடர்ந்து தோண்டுவார்கள். கயிறு வேரில் சிக்கினால் அந்த ஹாபையும் சேர்த்துத் தோண்ட வேண்டும். இப்போது ஃபெரட்டின் கழுத்தில் சின்ன டிரான்ஸ்மிட்டர் வைத்த காலர், உங்கள் கையில் ரிசீவர், மண்ணுக்கு மேலே நடந்தால் நேர் கீழே எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும். ஒரு செட் நூறு பவுண்டுக்கு மேல் போகும். வலையில் மிச்சம் பிடியுங்கள், உடையில் மிச்சம் பிடியுங்கள், இதில் பிடிக்காதீர்கள்.

நான் மிச்சம் பிடித்தேன். சொந்தமாக ஃபெரட் வாங்கிய முதல் டிசம்பரில், யாரோ பயன்படுத்திய பழைய செட் ஒன்றை வாங்கி, காலர் பேட்டரியைச் சோதிக்காமல் மாட்டிவிட்டேன். ஜில் உள்ளே போனாள், காலடியில் டப் டப் என்று முயல் ஓடுகிற அதிர்வு கேட்டது, ஒரு முயல் வந்து வலையில் விழுந்தது, அதோடு எல்லாம் அமைதி. ரிசீவரில் ஒரு சத்தமும் இல்லை. அரைமணி நேரம் கழித்து ஒரு பொந்தில் மூக்கை நீட்டினாள், நகத்தில் முயல் மயிர் கொத்தாக ஒட்டியிருந்தது; உள்ளே ஒரு முட்டுச்சந்தில் முயல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது, இவள் அதைப் பிறாண்டிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். அவசரப்பட்டுக் கையை நீட்டிப் பிடிக்கப் போனேன், சட்டென்று பின்வாங்கிவிட்டாள். அதைச் செய்யவே கூடாது, அவளாக முழு உடம்பும் வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடுகிற பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எங்கே தோண்டுவது என்று தெரியாமல் நாலு இடத்தில் தோண்டினேன். நாலு மணிக்கு இருட்டிவிட்டது. பெரியவருக்கு போன் செய்தேன், அவர் திட்டவில்லை, "அவளுடைய படுக்கை வைக்கோலைப் பெட்டியில் போட்டு, பெட்டியை அவள் உள்ளே போன பொந்தில் வைத்துவிட்டு, மற்ற வாய்களை எல்லாம் அடைத்துவிட்டு வா" என்றார். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. விடிவதற்கு முன்பே போனேன், புல்லெல்லாம் உறைபனி, பெட்டியின் மூடியைத் திறந்தால் வைக்கோலுக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று பத்து மணிக்கே கடைக்குப் போய்ப் புது லொகேட்டர் வாங்கினேன். இப்போது ஒவ்வொரு பொந்தில் இறக்குவதற்கு முன்பும் காலரை ரிசீவரோடு சேர்த்துச் சோதிக்காமல் கையை விட்டு விடுவதில்லை.

முதல் நாள் எந்த வளை

பெரிய மேட்டில் 40 பொந்து இருக்கும் வளையைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும், முயலும் அங்கேதான் அதிகம். ஆனால் புது ஃபெரட்டுக்கும் புது ஆளுக்கும் வேலி ஓரத்தில் ஆறு முதல் எட்டுப் பொந்து இருக்கிற சின்ன வளைதான் சரி. எல்லா வாயும் ஒரே பார்வைக்குள் இருக்கும், மண்ணும் ஆழம் குறைவு, தோண்ட நேர்ந்தால் இரண்டு அடியில் முடிந்துவிடும். பொந்தின் வாய் பெரிதாக, பக்கவாட்டில் அகலமாக, வெளியே கூடை கூடையாக மண்ணும் பழைய படுக்கைப் புல்லும் கிடந்தால் விலகிவிடுங்கள், அது பேட்ஜர் என்கிற, மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் பெரிய விலங்கின் வளையாக இருக்கலாம். 1992ஆம் வருடச் சட்டப்படி அதைத் தொந்தரவு செய்வதே குற்றம், உள்ளே போன ஃபெரட்டும் திரும்பி வராது. காற்று உங்கள் முகத்தில் அடிக்கிற பக்கமிருந்து போங்கள், வளைக்கு மேலே நடமாடாதீர்கள், பேச வேண்டியதைக் கையால் பேசுங்கள்.

தோண்டிய குழியை மண்ணும் கல்லும் போட்டு மிதித்து மூடுங்கள், அடுத்த வாரம் அந்த வயலில் மாடோ குதிரையோ கால் விட்டு எலும்பு முறிந்தால் உங்கள் அனுமதி அன்றோடு போச்சு. அப்புறம் கிளம்புவதற்கு முன் வலையை எண்ணுங்கள். காலையில் 18 விரித்தால் சாயங்காலம் பையில் 18 இருக்க வேண்டும், 17 இருந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள். மறந்துபோன ஒரு வலை ஒரு பொந்தின் வாயில் கிடந்தால், இரவில் வெளியே வருகிற முயல் அதில் மாட்டி விடியவிடியக் கிடக்கும். நான் முளைகளுக்கெல்லாம் மஞ்சள் சாயம் பூசி எண் போட்டு வைத்திருக்கிறேன், எந்தப் பொந்தில் விட்டோம் என்று யோசிக்கவே வேண்டியதில்லை.